கழுத்தில் தொங்கிய சாட்சி

அத்தியாயம் 9

"நிறுத்து."

ரிப்பேர் நிறுத்தினான்.

"பின்னால போ."

"அக்கா, இது பதினெட்டாவது தடவை. இன்னும் ரெண்டு தடவை போட்டா இந்த வீடியோவே எழுந்து வந்து, என்னை விட்டுடுங்கம்மான்னு உங்க கால்ல விழும்."

"பின்னால போன்னு சொன்னேன்."

போனான். நீச்சல் கிளப்பின் அந்த அலுவலக அறையில் மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. குளோரின் நெடி தொண்டையைக் கமறியது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் என்னவோ, ஊருக்கு அவன் ரிப்பேர். பதினோரு வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்து, வாய்க்கொழுப்பால் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக விரட்டிவிட்டுத் துப்பறிய வந்தவன். அவன் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றவள் அவனுடைய முதலாளி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய்யர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தலைமை அதிகாரியே ஒரு பொய்யர் என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தவள். வயது நாற்பத்தெட்டு. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கூப்பிடும் பேர் சுடுதண்ணி. அது அவளுக்கும் தெரியும். அதற்கும் கோபம் வரும்.

இன்றைக்கு வந்திருந்த கோபம் வேறு. அது காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்தக் கிளப்பின் குளத்தில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று மூழ்கிவிட்டது. குதித்துத் தூக்கியவர் குளத்தின் காவல்காரர். இருபது வருடமாக உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்து விசில் ஊதுகிறவர். பிள்ளைகள் அவரை விசில் மாமா என்பார்கள். குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, பிழைத்துவிடுவாள் என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் புதன்கிழமையாகியும் கண் திறக்கவில்லை. அவள் மூழ்கியபோது காவல் நாற்காலி காலியாக இருந்தது. மூன்று முழு நிமிடம். எங்கே போனாய் என்று யார் கேட்டாலும் விசில் மாமா வாயே திறக்கவில்லை.

குழந்தையின் அப்பா இந்தக் கிளப்பின் செயலாளர். அம்மா ஒரு பள்ளிக்கூட டீச்சர். சுடுதண்ணியைத் தேடி வந்து இந்த வேலையைக் கொடுத்தவள் அந்த டீச்சர்தான். நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுது அழுது காய்ந்துபோன கண்ணோடு, கையில் சிவப்புக் கயிறு சுற்றிய ஏதோ குழந்தைச் சாமானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த ஆள் எங்க போனான், எதுக்குப் போனான், அது மட்டும் எனக்குத் தெரியணும். தெரிஞ்சதும் அவன் உள்ள போகணும். வெளிய வரவே கூடாது."

சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸ் வருகிறது. கிளப் கொடுத்த வீடியோ தயார். காலி நாற்காலி அதில் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. அதற்குள் சுடுதண்ணி ஏதாவது கண்டுபிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் விசில் மாமா ஜீப்பில் ஏறுவார். இப்போது மணி ஒன்றரை.

"அந்தக் கடிகாரத்தைப் பாரு" என்றாள் சுடுதண்ணி.

குளத்தின் சுவரில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கடிகாரம். அதில் மணி கிடையாது. ஒரே ஒரு முள், நிமிடத்துக்கு ஒரு சுற்று. நீந்துகிறவர்கள் தண்ணீருக்குள்ளிருந்தே தங்கள் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தது.

திரையில் விசில் மாமா நாற்காலியில் இருந்தார். முள் இருபதில் இருந்தது. கேமராவுக்குக் கீழே ஒரு பணியாள் நீல மிதவைப் பலகைகளை அடுக்காகத் தலையில் சுமந்து போனார். திரை முழுக்க ஒரு நொடி நீலம். அவர் கடந்து போனதும் நாற்காலி காலி. முள் ஐந்தில் நின்றது.

ரிப்பேர் மெல்ல விசிலடித்தான். "இருபதுல இருந்த முள்ளு கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அஞ்சுக்குப் போயிடுச்சு. அதுக்கு எங்கயோ அவசரம் போல."

"வெட்டியிருக்காங்கடா. பலகைக்காரர் ரெண்டு நடை நடந்திருக்காரு. முதல் நடையில கத்தரிய வெச்சு, ரெண்டாவது நடையில ஒட்டியிருக்காங்க. நடுவுல குறைஞ்சது முக்கால் நிமிஷம் காணோம். முள்ளு ஒரு சுத்து கூடுதலா சுத்தியிருந்தா ஒண்ணே முக்கால்." அவள் குரல் உயர்ந்தது. "இந்தக் குப்பைய வெச்சு ஒரு மனுஷனை உள்ள தள்ளப் பாக்குறாங்க. அதுக்குக் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டிருக்காங்க. என்னை என்ன கேனைச்சின்னு நெனச்சானுங்களா?"

"அக்கா, மேசை நம்மளது இல்ல. குத்தாதீங்க."

"கடைசிக்குப் போ. அவர் திரும்பி ஓடி வருவாரே, அங்க."

விசில் மாமா வெளிவாசல் பக்கமிருந்து தலைதெறிக்க ஓடி வந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். சட்டையோடு குதித்தார்.

"இருபது வருஷமா விசில் ஊதற மனுஷன். குழந்தை முங்குறப்ப எதுக்கு வாயால கத்துறாரு?" என்றாள் சுடுதண்ணி. "முன்னாடி பாத்தப்ப கழுத்துல சிவப்பாக் கயிறு இருந்துச்சு. இப்ப இருக்கா?"

ரிப்பேர் திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தான். இல்லை.

விசில் மாமா அறைக்கு வெளியே, கதவை ஒட்டிய சிமெண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. வெயிலில் கறுத்த கழுத்தைச் சுற்றி, கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளர், குடிக்காமல் அப்படியே இருந்தது.

"விசில் எங்க?" சுடுதண்ணிக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"குடுத்துட்டேன்மா."

"யார்கிட்ட?"

அவர் தரையைப் பார்த்தார். "பாப்பா கண்ணு முழிச்சிட்டாளா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அவங்களே வந்து சொல்லுவாங்கம்மா. சொல்லாம இருக்க மாட்டாங்க. இந்த நேரத்துல நான் வாயைத் தொறந்தா நல்லா இருக்காது."

"இன்னும் ரெண்டரை மணி நேரத்துல உங்களை ஜீப்புல ஏத்துவாங்க. அது நல்லா இருக்குமா?"

அவ்வளவுதான். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது சுடுதண்ணிக்கு. உலுக்க முடியாத முகம் அது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

ரிப்பேர் பெஞ்சுக்கு மேலே இருந்த அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தான். "எண்ணெய் தேய்ச்சுட்டு இறங்கக் கூடாது. குளத்துல துப்பக் கூடாது. ஓடக் கூடாது. அக்கா, உங்களுக்குன்னு 'கத்தக் கூடாது'ன்னு ஒண்ணு போட மறந்துட்டாங்க. அடடே, நாலாவதைப் பாருங்க."

நாலாவது விதி: பணி நேரத்தில் விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவரே குளத்துக்கு முழுப் பொறுப்பு. பலகையின் அடியில் செயலாளரின் கையெழுத்து.

சுடுதண்ணி அதை இரண்டு தடவை படித்தாள். விசில் மாமா நாற்காலியை அம்போவென்று விட்டுவிட்டுப் போகவில்லை. முறைப்படி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். வாங்கிக்கொண்டவர் காணாமல் போன அந்தத் துண்டுக்குள் இருக்கிறார்.

"வெட்டினது யாருன்னு தேடாதே" என்றாள். "வெட்டப்பட்டது யாருன்னு தேடு. ரெண்டும் ஒரே ஆள்தான்."

சொல்வது சுலபம். கேமராவின் ரெக்கார்டர் இருந்த அலமாரித் தட்டில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கிளப்பில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். ரிப்பேர் இரண்டையும் குடைந்தான். வீடியோவை வெட்டுகிற எந்த சாஃப்ட்வேரும் இரண்டிலும் இல்லை. இருந்து நீக்கிய அடையாளமும் இல்லை. புதிதாக எதையாவது ஏற்றலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு கிளப்புல யார்கிட்டயும் கிடையாது" என்று வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "மெஷினை வித்த கம்பெனிக்காரன் பூட்டிட்டுப் போனது."

செயலாளர். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, தூங்காத கண். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"ரெக்கார்டர் எங்க சார்?" என்றாள் சுடுதண்ணி.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. சர்வீசுக்கு அனுப்பியாச்சு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே காப்பி எடுத்து வெச்சிருந்தேன்."

"காப்பியில கொஞ்சம் குறையுது."

"என்ன குறையுது?" அவர் மேசையருகே வந்தார். "என் பொண்ணு அங்க டியூப்போட படுத்திருக்கா. நாற்காலி காலியா இருக்குறது உங்களுக்குத் தெரியலையா? என் பொண்டாட்டி உங்களுக்கு எதுக்கு வேலை குடுத்தா? வெளிய உக்காந்திருக்கானே, அவன் எங்க போய்த் தொலைஞ்சான்னு கண்டுபிடிக்க. அதை விட்டுட்டு என் ஆபீஸைக் குடையறீங்க. நாலு மணிக்குப் போலீஸ் வரும். அதுவரைக்கும் என்ன வேணும்னாலும் தேடிக்கோங்க. இந்த மெஷின்ல ஒண்ணும் கிடைக்காது."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. சாவிகள் மாட்டும் கொக்கிப் பலகை சுவரில் குலுங்கி அடங்கியது.

"பெத்த மனசு, பாவம், எரியுது" என்றான் ரிப்பேர்.

சுடுதண்ணி சாத்திய கதவையே பார்த்தாள். அந்தக் கோபத்தில் ஏதோ ஒன்று அவளுக்கு இடித்தது. எது என்று பிடிபடவில்லை.

மணி இரண்டே கால் ஆயிற்று. இரண்டே முக்கால் ஆயிற்று. ரிப்பேரிடம் நகைச்சுவை தீர்ந்து கொட்டாவி மட்டும் மிச்சமிருந்தது. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு ஈரத் தலையோடு நீச்சல் கோச் வந்தாள். முப்பது வயதுப் பெண். கழுத்தில் நீலக் கயிறு, அதில் ஒரு பென் டிரைவ்.

"அந்த மெஷின் அஞ்சு நிமிஷம் வேணும். சாயங்கால வகுப்புப் பசங்களுக்கு வீடியோ எடுத்து வைக்கணும்" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து, பென் டிரைவைச் செருகினாள். இரண்டு தட்டு. திரையில் ஒரு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் விரிந்தது. யாரோ ஒரு பையன் தண்ணீரில் காலடிப்பதை இரண்டு பக்கமும் நறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.

ரிப்பேரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"கோச், இது எங்கேயிருந்து வந்துச்சு? இந்த மெஷின்ல ஒண்ணும் ஏத்த முடியாதே."

"யார் ஏத்தினாங்க? இது போர்ட்டபிள். இலவச சாஃப்ட்வேர்தான். பென் டிரைவுக்குள்ளயே இருக்கும். செருகினா ஓடும், பிடுங்கினா போயிடும். மெஷின்ல ஒரு தூசிகூட மிச்சம் வைக்காது. நாலு கிளப்புல வகுப்பு எடுக்கறேன், எல்லா எடத்துலயும் பூட்டு. இது இல்லேன்னா எனக்குப் பொழப்பே ஓடாது."

சுடுதண்ணிக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்காலியைப் பிடித்து ஒரே திருப்பு. கோச் சுழன்று அவளைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வீடியோவை வெட்டினது நீயா?"

"என்னது?"

"இந்தக் கிளப்புல கத்தரி வெச்சிருக்கறது நீ ஒருத்திதான். யாருக்காக வெட்டின? அந்த மனுஷன் வெளிய ஜீப்புக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ இங்க ஜாலியா காலு வெட்டிக்கிட்டு இருக்க."

கோச்சும் லேசுப்பட்டவள் இல்லை. எழுந்துவிட்டாள். "நீங்க யாருங்க எனக்கு? எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவருதான். மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, நான் ஊர்லயே இல்ல. வாய்க்கு வந்தபடி பேசுனீங்க, நடக்கறதே வேற."

"ரெண்டு பேரும் அடிச்சுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்" என்றான் ரிப்பேர். அவன் கை மவுஸில் இருந்தது. "கோச், கடைசியாத் திறந்த வீடியோ பட்டியலை எப்ப அழிச்சீங்க?"

"நான் எதுக்கு அழிக்கறேன்? நாப்பது பசங்க பேரும் அதுலதான் இருக்கும். அதை வெச்சுத்தான் தேடுவேன்." அவள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. "ரெண்டு நாளா இதைத் திறக்கவே இல்ல. என் பசங்க எங்க?"

பட்டியலில் இருந்தது இப்போது திறந்த ஒரே ஒரு பெயர். அதற்கு முன்னால் யாரோ துடைத்துப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

சுடுதண்ணியின் கோபம் திசை திரும்பியது. தன் பொருளைத் தானே இப்படித் துடைக்கிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து எதிரிலேயே திறந்து காட்ட மாட்டாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. நாற்காலியை நேராகத் திருப்பி வைத்தாள்.

"தண்ணியில இறங்கறப்ப இதை எங்க வைப்பே?"

"அந்தக் கொக்கிப் பலகையில. காலையில ஆறிலிருந்து ஏழு வரைக்கும் அங்கதான் தொங்கும்."

"இதைப் பத்தி யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். நானே பெருமையாச் சொல்லியிருக்கேன். கேட்டவங்களுக்கு ஓட்டியும் காட்டியிருக்கேன். ஒரு தடயமும் இருக்காது, மந்திரம் மாதிரின்னு."

ரிப்பேர் சிரித்தான். அன்றைக்கு அவன் முதல் தடவையாக உண்மையிலேயே சந்தோஷமாகச் சிரித்தான். "அங்கதான் அக்கா அந்த ஆளு கோட்டை விட்டிருக்கான். இது என் சின்ன மாமனார் மாதிரி. வீட்டுக்கு வந்தா சோப்பு, சீப்பு, பாய், தலையணை எல்லாத்தையும் கையோட கொண்டு வருவாரு. போறப்ப நம்ம வீட்டுல அவரோட ஒரு முடிகூட இருக்காது. ஆனா எல்லாம் அவரு பெட்டியில இருக்கும். மெஷின்ல ஒண்ணும் தங்காதுன்னா என்ன அர்த்தம்? எல்லாம் இதுக்குள்ள தங்கும்னு அர்த்தம்."

"அதான் துடைச்சுட்டானே."

"கண்ணுக்குத் தெரிஞ்சதைத் துடைச்சிருக்கான். கோச், இது இந்த ஓட்டை மெஷின்ல எப்படி இவ்வளவு லேசா ஓடுது?"

"அது ஓடாது, திணறும்" என்றாள் கோச். "அதனால நான் ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன். எந்த வீடியோவை உள்ள இழுத்தாலும், முதல்ல அதுல சின்னதா, மங்கலா ஒரு நகல் எடுத்துக்கும். நாம அந்த நகலை வெச்சுத்தான் வேலை பாப்போம். கடைசியில சேமிக்கறப்பதான் நெஜ வீடியோவைத் தொடும். நகல் எல்லாம்..." அவள் பேச்சு நின்றது.

"எல்லாம்?" என்றாள் சுடுதண்ணி.

"பென் டிரைவுலயே ஒரு ஃபோல்டர்ல போய் விழும். தானா. வருஷத்துக்கு ஒரு தடவைதான் நான் காலி பண்ணுவேன்."

ஃபோல்டர் திறந்தது. முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, நீள நீளமாக எண்கள்தான். ரிப்பேர் ஒவ்வொன்றாகத் திறந்தான். கால். கை. கால். தலைகீழாக ஒரு பையன். கால்.

"இத்தனை காலை என் ஆயுசுல பாத்ததில்ல அக்கா. செருப்புக் கடை வெச்சிருக்கலாம்."

"தேதி பாத்துத் திறடா, மடையா."

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் கோச் பன்னிரண்டு பிள்ளைகளோடு தண்ணீருக்குள் இருந்தாள். கிளப் அந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டியது அன்றைக்குக் காலை பத்து மணிக்கு.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உள்ளங்கை அளவுப் படம். தண்ணீரில் கரைத்த மாதிரி மங்கல். ஆனால் முழுசு. முள் இருபதில் இருந்தது. முதல் நீலப் பலகை போனது. விசில் மாமா நாற்காலியில்தான் இருந்தார். ஓர் ஆண் அவரிடம் வந்தான், காதில் போன். மற்ற கையால் எதையோ நீட்டினான். விசில் மாமா தயங்கினார், குளத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த ஆள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற சைகை. விசில் மாமா கழுத்திலிருந்து சிவப்புக் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். அவன் அதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். விசில் மாமா வெளிவாசலுக்கு ஓடினார். அவன் போனில் பேசிக்கொண்டே பத்தடி நடந்தான், இன்னொரு பத்தடி நடந்தான், படத்தை விட்டே வெளியே போனான். நாற்காலி காலி. இரண்டாவது நீலப் பலகை போனது. முள் ஐந்தில் இருந்தது.

"யாருடா இது?" சுடுதண்ணி பல்லைக் கடித்தாள். "பெரிசு பண்ணு."

"பெரிசு பண்ணா மங்கலும் பெரிசாகும் அக்கா. முகம் இருக்கற எடத்துல அழிரப்பர் தேய்ச்ச மாதிரிதான் இருக்கு."

அவள் கதவைத் திறந்து பெஞ்சைப் பார்த்துக் கத்தினாள். "உங்களை வெளிய எதுக்கு அனுப்பினான் அந்த ஆள்? கையில என்ன குடுத்தான்?"

விசில் மாமா நிமிர்ந்தார். பார்த்துவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. "கார் சாவிம்மா" என்றார் மெதுவாக. "வண்டி வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குது, நகர்த்திட்டு வாங்கன்னாங்க." அதற்கு மேல் மறுபடியும் தரை.

கார் சாவி கொடுத்து ஓர் ஊழியரை ஏவ முடிகிறவன். உறுப்பினர்கள் நூற்றைம்பது பேரும் அப்படித்தான். சுடுதண்ணி சுவரில் கையை ஓங்கி அறைந்தாள். ஆளும் இருக்கிறான், குற்றமும் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு டீச்சர் வந்தாள். பெஞ்சைக் கடந்தபோது அவள் விசில் மாமாவைப் பார்த்த பார்வையில் அந்த சிமெண்டே வெடித்திருக்க வேண்டும். பின்னாலேயே செயலாளர் வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் டீச்சர்.

"கிளப் குடுத்த வீடியோ பொய். உண்மையானது இங்க இருக்கு. பாருங்க" என்றாள் சுடுதண்ணி.

செயலாளர் ஓரடி முன்னால் வந்தார். "எது உண்மையானது? ரெக்கார்டரே இல்லையே."

"பென் டிரைவ்ல மிச்சம் இருந்துச்சு சார்" என்றான் ரிப்பேர். "துடைச்சவரு கட்டிலுக்கு அடியில துடைக்கல."

படம் ஓடியது. டீச்சர் அசையாமல் பார்த்தாள். அந்த ஆள் நெஞ்சைத் தொட்டதைப் பார்த்தாள். விசில் கைமாறியதைப் பார்த்தாள்; வெளிப்பலகையின் நாலாவது விதியைச் சுடுதண்ணி அப்போது எடுத்துச் சொன்னாள். அவன் போனோடு விலகி விலகி நடந்து மறைந்ததைப் பார்த்தாள். முடிந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அப்போ இவர் சும்மா போகல" என்றாள். "நான் பாத்துக்கறேன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். சொல்லிட்டு, என் குழந்தையை விட்டுட்டுப் போயிருக்கான். யார் அது?"

"முகமே தெரியலையே" என்றார் செயலாளர். வேகமாகச் சொன்னார். "யார் வேணும்னாலும் இருக்கலாம். இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இது நெஜமா, போலியான்னே தெரியாது. நாலு மணி ஆகப்போகுது, வா, வெளிய போலாம்."

சுடுதண்ணிக்கு அப்போதுதான் பிடிபட்டது, மத்தியானம் இடித்தது என்னவென்று. மகளைப் பறிகொடுக்க இருந்த அப்பன், வீடியோவில் ஏதோ குறைகிறது என்று கேட்டதும் அதைத் தேடத்தானே துடிக்க வேண்டும்? தேடாதே என்று கத்தினார். இப்போதும் அதே அவசரம். அவள் கண் அவரை விட்டு இறங்கியது. டீச்சரின் கைக்கு வந்து நின்றது.

நேற்றிலிருந்து அந்தக் கை மூடியேதான் இருந்தது.

"முகம் தெரியல" என்றாள் சுடுதண்ணி. அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "ஆனா அந்த மங்கல்லயும் சிவப்பு தெரியுது. டீச்சர், உங்க கையைக் கொஞ்சம் விரிங்க."

டீச்சருக்குப் புரியவில்லை. விரித்தாள். சிவப்புக் கயிற்றுச் சுருளுக்கு நடுவே, நுனி பல் பட்டுத் தேய்ந்த ஒரு கறுப்பு விசில் இருந்தது.

வாசலில் நின்றிருந்த கோச் வாயைப் பொத்திக்கொண்டாள். "அது விசில் மாமாவோடது" என்றாள்.

"இல்லையே" என்றாள் டீச்சர். "இது பாப்பாவோடது. நான் இந்தக் குளத்துப் பக்கமே வந்ததில்ல, எப்பவும் இவர்தான் கூட்டிட்டு வருவாரு. மாமா மாதிரி எனக்கும் ஒரு விசில் வேணும்னு ஒரு மாசமா நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. வாங்கிக் குடுத்திருக்காருன்னு நெனச்சேன். திங்கக்கிழமை துணி துவைக்கப் போட்டப்ப..."

அவள் நிறுத்தினாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"உங்க பேண்ட் பையில இருந்துச்சு."

ரிப்பேர் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ஒரு போன் வந்துச்சு" என்றார் செயலாளர். "ரெண்டு நிமிஷம்தான். அவ கரைப் பக்கமாத்தான் விளையாடிக்கிட்டு இருந்தா. நான் இதோ, இங்கதான்..."

"மூணு நாளா இதைக் கண்ணுல ஒத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துலயே இருந்தீங்க. பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டியேன்னுதான்..."

"எனக்காகவா?" டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது சுடுதண்ணிக்கு. "அந்த மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி என்னைக் கெஞ்ச வெச்சீங்களே, அதுவும் எனக்காகவா? அவர் மூணு நாளா வாயைத் தொறக்கல. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. பெத்த அப்பன், தானா வந்து சொல்லுவான்னு நம்பியிருக்காரு."



டீச்சர் கயிற்றைப் பிரித்தாள். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். "நான் பாத்துக்கறேன்னு சொல்லித்தானே வாங்கினீங்க. போட்டுக்கோங்க."

அவர் தலை ஏற்கெனவே குனிந்திருந்தது. கயிறு சுலபமாக இறங்கியது.

சரியாக நாலு மணி. ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கதவருகில் வந்து, பெஞ்சை ஒரு தடவையும் அறையை ஒரு தடவையும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை குளத்துக்குப் பொறுப்பா இருந்த ஆள் யாருங்க? வெளிய ஒருத்தர் இருக்காரு, கேட்டா பதிலே வரல."

சுடுதண்ணி வாயைத் திறந்தாள். டீச்சர் முந்திக்கொண்டாள்.

"உங்களுக்குப் பக்கத்துல போர்டு இருக்கு பாருங்க, சார். நாலாவது விதி. கீழ கையெழுத்துக்கூட இவரோடதுதான்."

இன்ஸ்பெக்டர் திரும்பி நின்று படித்தார். பிறகு செயலாளரின் கழுத்தைப் பார்த்தார்.